கரடியூரிற் கண்ட சங்கிலிச் சக்கரம்

கரடியூர் என்னும் பெயரைச் சொன்னமாத்திரத்தில், ஆங்குக் கரடிகள் உளவோ என்று எம் கல்லூரி நண்பர்கள் வினவுவர். யாம் அவ்வூரிற் கரடியைக் கண்டதில்லை, காட்டெருமைகளைக் கண்டதுண்டு. சேலத்திலிருந்து இருபது கொண்டை ஊசி வளைவுகளைக் கடந்து ஏற்காட்டையடைந்து, அதற்கப்பாலும் சிறிது தூரம் சென்றால், சில்வர் ஓக் மரங்களும், அம்மரங்களைச் சுற்றிப் படர்ந்த மிளகுக் கொடிகளும், அவற்றின் நிழலிற் காப்பிச் செடிகளுமாக விளங்கும் சேர்வராயன் மலைச் சிற்றூர்களுள் அதுவும் ஒன்று. 1820-ஆம் ஆண்டுகளிற் சேலத்துக் கலெக்டராயிருந்த காக்பர்ன் என்பார் இம்மலைக்குக் காப்பியைக் கொணர்ந்தார் என்பது வரலாறு. கரடியூரில் எம் தாய்மாமனார்க்குச் சிறியதொரு காப்பித் தோட்டம் உண்டு. இரண்டு ஆண்டுகட்கு முன், கல்லூரியிற் சேர்ந்த முதல் ஆண்டின் டிசம்பர் விடுமுறையை யாம் ஆங்குக் கழித்தோம். அவ்விடுமுறையில் நிகழ்ந்ததொன்றையும், அதனால் யாம் கற்க நேர்ந்த ஓர் இயந்திர உறுப்பின் இயல்பையும் ஈண்டு எழுதப் புகுந்தோம். அவ்வுறுப்பை இயந்திரக்காரர் ஸ்பிராக்கெட் என்பர். யாம் சங்கிலிச் சக்கரம் என்போம்.

டிசம்பர் மாதம் காப்பிப் பழம் பறிக்குங் காலம். பறித்த பழத்தின் தோலை அன்றே உரித்தல் வேண்டும். குவியலாய் இரா முழுதும் கிடப்பின் உள்ளே சூடேறிப் புளித்துப் போம். புளித்த கொட்டையின் தீநாற்றம் வறுத்தாலும் நீங்காது. தோலுரிக்கும் இயந்திரத்திற்குப் பல்பர் என்று பெயர். பல்பரிலிருந்து வெளிப்படும் கொட்டையின்மீது வழுவழுப்பானதொரு பசை ஒட்டிக்கொண்டிருக்கும். அது தொட்டியிற் கிடந்து நொதித்து நீங்கியபின், கொட்டையைக் கழுவிக் களத்தில் உலர்த்துவர். ஆகவே, பறிக்குங் காலத்திற் பல்பர் நின்றால் தோட்டமே நின்றதாகும்.

எம் மாமாவின் பல்பர் கொட்டகையில் மின்சார மோட்டார் ஒன்று பெல்ட்டினால் ஓர் இடைத்தண்டைச் சுழற்றும். அவ்விடைத்தண்டிலிருந்து பல்பரின் தண்டிற்குச் சங்கிலி ஓடும். இடைத்தண்டிலிருந்த சிறிய சக்கரத்திற்குப் பல் 15. பல்பரின் பெரிய சக்கரத்திற்குப் பல் 45. சிறியது மூன்று சுற்றுச் சுற்றினாற் பெரியது ஒரு சுற்றுச் சுற்றும். வேகம் மூன்றிலொன்றாய்க் குறையும், திருகும் வலிமை ஏறக்குறைய மும்மடங்காகும். சைக்கிளில் இதற்கு நேர்மாறு: மிதிக்குமிடத்திற் பெரிய சக்கரமும் பின்னே சிறிய சக்கரமும் இருத்தலால் வேகம் கூடி வலிமை குறைகின்றது. ஏற்காட்டு மலையில் மோட்டார் சைக்கிள் ஓட்டும் இளைஞர் சிலர் பின் சக்கரத்திற் பல்லைக் கூட்டிக்கொள்வதும் ஏற்றத்தில் வலிமை பெறவே. சமநிலத்தில் அவ்வண்டிகள் வீணே இரைவதைக் கேட்டிருக்கின்றோம்.

இனி, சங்கிலிச் சக்கரத்தைக் கியர் என்னும் பற்சக்கரத்தோடு மயங்குதல் கூடாது. கியரிற் பல்லோடு பல் பொருந்தும். ஆகவே இரண்டு தண்டுகளும் அடுத்தடுத்து இருத்தல் வேண்டும். சங்கிலிச் சக்கரங்கள் ஒன்றையொன்று தொடுவதில்லை. இடையே ஓடும் சங்கிலியின் கண்ணிகளையே அவற்றின் பற்கள் பற்றுகின்றன. தண்டுகள் முழக்கணக்கில் விலகியிருப்பினும் குற்றமில்லை. பெல்ட்டும் விலகிய தண்டுகளை இணைப்பதே. ஆயினும் அது வழுக்கும். சங்கிலி வழுக்காது. பத்துப் பல் சென்றாற் பத்துக் கண்ணி சென்றே தீரும். இவ்வழுக்காமையே சங்கிலியின் பெருங்குணம் என்று யாம் அப்போது எண்ணியிருந்தோம்.

சங்கிலியை எளிய பொருளென்று கருதுவார் அதனைப் பிரித்துப் பார்த்திலர். இருபுறமும் தகடுகள், தகடுகளை இணைக்கும் ஊசி போன்ற பின், பின்னைச் சூழ்ந்து புஷ் என்னும் சிறு குழல், அக்குழலின்மேற் தானே சுழலும் ஓர் உருளை. பல்லின்மேற் படுவது அவ்வுருளையே. அது சுழன்றுகொண்டே பள்ளத்தில் இறங்குதலால் உராய்வு பெரிதும் குறைகின்றது. நன்றாய் எண்ணெயிட்ட சங்கிலி, தான் பெற்ற சக்தியில் நூற்றுக்குத் தொண்ணூற்றெட்டுப் பங்கு வரை அப்புறம் சேர்ப்பிக்கும் என்பர். ஸ்விட்ஜர்லாந்திற் பிறந்து இங்கிலாந்திற் குடியேறிய ஹான்ஸ் ரெனால்ட் என்பார், மாஞ்செஸ்டர் நகரையடுத்து, நெசவு இயந்திரங்கட்குச் சங்கிலி செய்துவந்த சிறு தொழிற்சாலையொன்றை 1879-இல் விலைக்கு வாங்கி, மறு ஆண்டே இப்புஷ் அமைந்த உருளைச் சங்கிலிக்கு உரிமை பெற்றார். நெசவாலைக்காகப் பிறந்த பொருள் ஐந்தாண்டுகளிற் சைக்கிளுக்கு வந்தது. 1903-இல் ஆகாயத்தையும் எட்டிற்று. ரைட் சகோதரர் தம் முதல் விமானத்தில் எஞ்சினிலிருந்து இரண்டு சுழல் விசிறிகட்கும் சங்கிலியாலேயே சக்தியைக் கொண்டுசென்றனர். எஞ்சினிற் பல் 8, விசிறித் தண்டிற் பல் 23. அச்சக்கரங்கள் தண்டினின்றும் ஓயாது தளர்ந்துவிட, சைக்கிள் டயர் ஒட்டும் பசையை உருக்கி ஊற்றி அவற்றை நிலைக்கச் செய்தனராம். அவ்விமானத்திற்குச் சங்கிலி கொடுத்த அமெரிக்க டயமண்ட் கம்பெனியாரின் கூட்டுறவோடு 1960-இல் நம் சென்னையை அடுத்த அம்பத்தூரிலும் சங்கிலித் தொழிற்சாலை எழுந்தது. கோயம்புத்தூரில் 1937-இல் மோட்டார்ப் போக்குவரத்துத் தொழிலாய்த் தொடங்கிய எல்.ஜி. பாலகிருஷ்ணன் சகோதரர் நிறுவனத்தாரும் பிற்காலத்தில் சங்கிலியும் சக்கரமும் செய்யலாயினர்.

நிற்க. ஒரு நாட் காலையில் எம் மாமாவின் பல்பர்ச் சங்கிலி அறுந்தது. சேலத்து நூற்பாலையொன்றிற் பிட்டராயிருந்து ஓய்வு பெற்ற பெரியவர் ஒருவர் கரடியூரில் வசிக்கின்றார், அவரை அழைத்துவந்தோம். அவர் அறுந்த கண்ணியை நீக்கி, வேறொரு கண்ணியிட்டு அன்றைய வேலைக்கு வழிசெய்தார். பின்னர்ச் சங்கிலியை இறுக நீட்டிப் பிடித்து அளவுகோல் வைத்தார். ஒரு பின்னின் நடுவிலிருந்து அடுத்த பின்னின் நடுவரையுள்ள தூரத்தைப் பிட்ச் என்பர். அச்சங்கிலிக்கு அது முக்கால் அங்குலம். ஆகவே பன்னிரண்டு கண்ணிகள் 9 அங்குலம் இருத்தல் வேண்டும். 9¼ அங்குலத்திற்கு மேலே நின்றது.

"செயின் நீண்டுவிட்டது, தம்பி" என்றார்.

இரும்பு ரப்பரைப்போல் நீளுமோ என்று யாம் வினவினோம். அவர் நகைத்து ஒரு பின்னைக் கழற்றிக் கையிற் கொடுத்தார். அதன் நடுவிடம் தேய்ந்து மெலிந்திருந்தது. தகடுகள் நீளவில்லை, பின்னும் புஷ்ஷும் ஒன்றையொன்று தேய்த்துக்கொண்டமையால், ஒவ்வொரு மூட்டிலும் அரை மில்லிமீட்டர் அளவு இடைவெளி கண்டிருந்தது. கண்ணிகள் 90, அவ்வரை மில்லிமீட்டர்கள் யாவும் சேர்ந்து முழுச் சங்கிலியும் ஏறக்குறைய 2 அங்குலம் நெடிதாயிருந்தது. நூற்றுக்கு மூன்று பங்கு நீண்டாற் சங்கிலியின் ஆயுள் முடிந்ததென்பது பொது விதி.

அதன்பின் அவர் எம் விரலைப் பற்றிச் சிறிய சக்கரத்தின் பல்லைத் தடவச் செய்தார். புதிய சக்கரத்தின் பல் இருபுறமும் ஒத்த சரிவுடையது. இதுவோ ஒருபுறம் குடைந்து, மறுபுறம் வளைந்து கிளிமூக்குப் போலிருந்தது. "செயின் மட்டும் வாங்கி வராதீர்கள். சக்கரம் இரண்டையும் சேர்த்தே வாங்கி வாருங்கள். இவை மூன்றும் ஒன்றாகத் தேய்ந்தவை; ஒன்றாகத்தான் போக வேண்டும்" என்றார் அப்பெரியவர். மாமா மூன்றிற்கும் போதிய பணம் எம்மிடம் கொடுத்துச் சேலத்திற்கு அனுப்பினார்.

சேலத்துக் கடையிற் சங்கிலி உடனே கிடைத்தது. சக்கரங்களும் இருந்தன, ஆனால் அவற்றின் நடுத்துளையை எம் தண்டுகளின் அளவிற்கு லேத்திற் கடைந்து, சாவிப் பள்ளமும் வெட்டித் தர மறுநாளாகும் என்றார் கடைக்காரர். யாம் எண்ணிப் பார்த்தோம். அறுந்தது சங்கிலி, சக்கரம் அறவில்லை, உடையவில்லை. கெட்டியான எஃகு சிறிது தேய்ந்தால் யாது குறை? சங்கிலியே சக்தியைக் கொண்டுசெல்வது; பல் அதற்கொரு பிடிதானே? பௌதிக வகுப்பிற் கற்ற விசையும் திருப்பமும் எம் மனத்தில் ஓடின. அவற்றில் எங்கும் கிளிமூக்கைப் பற்றி ஒரு சொல்லும் இல்லை. மாமாவின் பணத்தை மிச்சப்படுத்தினோம் என்ற பெருமையும் சேர்ந்துகொள்ள, சங்கிலியை மட்டும் வாங்கிக்கொண்டு மாலைப் பஸ்ஸில் ஏறினோம்.

ஏற்காட்டுச் சாலையில் மாடர்ன் தியேட்டர்ஸின் தோரணவாயில் வரும். டி.ஆர். சுந்தரம் அவர்கள் 1935-இல் நிறுவிய அப்படக்கம்பெனியைச் சேலத்தார் மறவார். சினிமா இயந்திரத்திலும் சங்கிலிச் சக்கரத்திற்கு உடன்பிறந்ததொன்று உண்டு என்பது யாம் பஸ்ஸில் இருந்தபடி நினைந்து மகிழ்ந்த விஷயம். 35 மில்லிமீட்டர்ப் படச்சுருளின் இரு ஓரங்களிலும் துளைகள் உள. ஒரு படத்திற்கு ஓர் ஓரத்தில் நான்கு துளை. பதினாறு பல் அமைந்த சக்கரம் அத்துளைகளைப் பற்றி, ஒரு சுற்றில் நான்கு படங்களை நகர்த்தும்; நொடிக்கு 24 படம் செல்ல வேண்டுமாயின் அது ஆறு சுற்றுச் சுற்றும். அங்கே பல் தேய்ந்தாற் படம் திரையில் துள்ளும். இவ்வாறெல்லாம் சிந்தித்தவர், வாங்காது விட்டுவந்த சக்கரத்தைப் பற்றிச் சிந்தித்திலேம்.

பிட்டர் ஐயா அன்று வெளியூர் சென்றிருந்தார். மறுநாட் காலையில் யாமே சங்கிலியைப் பூட்டினோம். சங்கிலியின்மேல் இருந்த தகட்டு மூடியைக் கழற்றி வைத்தோம். ஓடுவதைக் கண்ணாற் பார்த்துத் திருத்த வேண்டியிருக்கும் என்பது எம் கருத்து. வெற்றாய் ஓட்டியபோது சங்கிலி இசைவாகவே ஓடிற்று. மாமா எம் முதுகைத் தட்டிக்கொடுத்தார். சக்கரம் மாற்றவில்லை என்பதை அவருக்குச் சொன்னோம். மிச்சப் பணத்தையும் கொடுத்தோம். பல்பரில் வேலை செய்வோர்க்கு அதைச் சொல்லவேண்டுமென்று எமக்குத் தோன்றவில்லை.

மாலையில் நாற்புறத்தினின்றும் பழக் கூடைகள் வந்து குவிந்தன. பல்பரிற் பழம் நிறைய விழுந்து பாரம் ஏறியதும் 'டக், டக்' என்னும் ஓசை பிறந்தது. காரணம் இப்போது எமக்குத் தெரியும். பழைய பல்லின் பள்ளங்கள் பழைய சங்கிலியின் நீண்ட பிட்ச்சுக்கு ஏற்பத் தேய்ந்தவை. புதிய சங்கிலியின் பிட்ச்சோ சரியான முக்கால் அங்குலம். ஆகவே உருளை பள்ளத்தின் அடியில் அமராது, கிளிமூக்கின்மேல் ஏறி நிற்கும். பாரம் குறைவாயின் ஒருவாறு ஓடும். மிகுந்தால் அடுத்த பல்லுக்குத் தாவும். தாவுந்தோறும் சங்கிலியில் ஓர் உதைப்பு உண்டாகும். புதிய சங்கிலியும் பழைய பல்லால் விரைவிற் கெடும். சக்கரத்திற் சேமித்ததைச் சங்கிலியில் இழப்பதே இதன் கணக்கு.

பல்பரிற் பழம் கொட்டும் அம்மையார் அத்தோட்டத்தில் எம் பிறப்பிற்கு முன்பிருந்தே வேலை செய்பவர். யாம் அவரை அக்கா என்று அழைப்போம். அக்கொட்டகையில் முன்பு பெல்ட் மட்டுமே ஓடிய காலத்தில், பெல்ட் ஓரம் விலகினால் கையாலேயே தள்ளிச் சரிசெய்து பழகியவர். சங்கிலி சக்கரத்தின் விளிம்பில் ஏறுவதைக் கண்டதும் அவர் கை தானே நீண்டது. யாம் மூன்றடி தூரத்தில் நின்றிருந்தோம். பெல்ட்டாயிருப்பின் வழுக்கியிருக்கும், விரல் சிராய்ப்போடு தப்பியிருக்கும். சங்கிலி வழுக்காது என்று முன்னே சொன்னோமல்லவா? வலக்கை நடுவிரலின் நுனி, நகத்தோடு, பல்லுக்கும் உருளைக்கும் இடையே போயிற்று. மாமா ஓடிச் சென்று மின்விசையைத் தட்டினார்.

அவரை ஜீப்பில் ஏற்றி இருபது வளைவுகளையும் இறங்கி ஆஸ்பத்திரியில் சேர்த்தோம். அவ்வழி நெடுக அவர் வலியைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை. பழம் புளித்துவிடுமே என்று இருமுறை சொன்னார். மருத்துவர் விரலைத் தைத்தார். போன நுனி போனதே. வைத்தியச் செலவையும், வேலைக்கு வர இயலாத நாட்களின் கூலியையும் மாமா கொடுத்தார். அது கடமையென்பதன்றி வேறில்லை.

அன்றிரவு குவிந்து கிடந்த பழத்தைப் பற்றியும் ஒன்று சொல்லவேண்டும். மறுநாள் பிட்டர் ஐயா வந்து பார்த்து, அதனைக் களத்திற் பரப்பச் சொன்னார். தோலோடு உலர்த்தினாற் செர்ரிக் காப்பி ஆகும். தோலுரித்துக் கழுவிய காப்பியைக் காட்டிலும் விலை சற்றுக் குறையும், அவ்வளவே. மாமா தலையைப் பிடித்துக்கொண்டார். உலர்த்துமுறை அவர் அறியாததன்று. இம்மலையில் யாவரும் அறிந்ததே. இரண்டு நாட் பழத்தை அவ்வாறு உலர்த்தியிருந்தால் லேத்துக்காரர் சக்கரத்தைக் கடைந்து தரும்வரை காத்திருக்கலாம். அவசரம் ஒன்றும் இருந்ததில்லை. ஓட்டம் நின்றால் எல்லாம் போயிற்று என்னும் எண்ணமே இருந்தது.

பொங்கலுக்கு முன் யாம் அவ்வம்மையாரை அவர் வீட்டிற் கண்டோம். என்ன சொல்வதென்று அறியாது, "என்னால் வந்தது, அக்கா" என்றோம். அவர் கட்டுப் போட்ட கையை மடியில் வைத்துக்கொண்டு சற்று நேரம் பேசாதிருந்தார். "செயின் புதிது, சக்கரம் பழையது என்று பிட்டர் முன்னமே சொன்னாராமே. அதை எங்களிடம் ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே, தம்பி" என்றார். யாம் விடை கூறவில்லை. அவர் மகள் எமக்குக் காப்பி கொண்டுவந்து கொடுத்தாள்.

சக்கரம் மாற்றும் வேலை அம்மாதமே நடந்தது. இம்முறை பிட்டர் ஐயாவே சேலத்திற்கு வந்தார். பழைய அளவிலேயே வாங்காமல், சிறியது 17, பெரியது 51 பல் வேண்டுமென்றார். மூன்றுக்கு ஒன்று என்னும் விகிதம் அப்படியே நிற்கின்றது. பின் ஏன் மாற்றம் என்று கேட்டோம். அவர் தரையிற் கோடிட்டுக் காட்டினார். பழைய சங்கிலிக்குக் கண்ணி 90, சிறிய சக்கரத்திற்குப் பல் 15. தொண்ணூற்றில் பதினைந்து ஆறுமுறை சரியாய் அடங்கும். ஆகவே ஒரு கண்ணி எப்போது சுற்றி வந்தாலும் அதே பல்லின்மேலேதான் வந்து அமரும். ஒரு பல்லிற் குறை இருந்தால் அதே ஆறு கண்ணிகளே ஓயாது அக்குறையைத் தாங்கும். புதிய சங்கிலிக்குக் கண்ணி 94. பதினேழுக்கும் தொண்ணூற்று நான்கிற்கும் பொது வகுஎண் இல்லை. ஒவ்வொரு கண்ணியும் முறையே எல்லாப் பற்களையும் சந்தித்த பின்னரே முதற்பல்லுக்குத் திரும்பும். தேய்மானம் யாவற்றிற்கும் பகிர்ந்துபோம். சங்கிலியின் கண்ணி பெரும்பாலும் இரட்டைப்படை எண்ணாகவே அமைவதால், சக்கரத்தின் பல்லை ஒற்றைப்படையாய்க் கொள்ளுதல் பட்டறை வழக்கமென்று அறிந்தோம். எண்கணிதத்தில் யாம் மனப்பாடம் செய்த பொது வகுஎண், இரும்பில் இவ்வாறு வேலைசெய்வதை அன்றுதான் கண்டோம்.

பல் மிகுவதால் வேறொரு பயனும் உண்டு. சங்கிலி சக்கரத்தின்மேல் வட்டமாய்ச் சுற்றுவதாய்த் தோன்றினும், உண்மையிற் பல முனைகளையுடைய பலகோணமாகவே சுற்றுகின்றது. ஆதலின் சக்கரம் சீராய்ச் சுழன்றாலும் சங்கிலி சற்றே விரைந்தும் சற்றே தளர்ந்தும் ஓடும். 10 பல்லுள்ள சக்கரத்தில் உச்ச வேகத்தினின்று நூற்றுக்கு ஐந்து பங்கு குறைந்து கூடும். 17 பல்லில் இரண்டு பங்கிற்கும் குறைவு. மிகச் சிறிய சக்கரம் அதிர்வதும் இரைவதும் இதனால்தான். பதினேழுக்குக் குறையாமற் கொள்க என்று நூல்கள் கூறுவது வீணன்று.

புதிய சக்கரங்களைப் பூட்டியபோது பிட்டர் ஐயா ஒவ்வொன்றையும் எம்மைக்கொண்டே செய்வித்தார். இரண்டு சக்கரங்களின் முகமும் ஒரே நேரில் நிற்கின்றனவா என்று நூல் பிடித்துப் பார்த்தோம். தொய்வான பக்கம் கீழே வரும்படி அமைத்து, தண்டுகளின் இடைத்தூரத்தில் நூற்றுக்கு இரண்டு பங்கு அளவே தொய்வு விட்டோம். செயின் லாக்கின் மூடிய முனை ஓடும் திசையை நோக்கியிருத்தல் வேண்டும். பிளவுபட்ட முனை முன்னே சென்றால் எதிலேனும் தட்டிக் கழன்றுவிடும். எண்ணெயை உருளையின்மேல் ஊற்றுவது வீண். தகடுகளின் இடுக்கில் இட்டாற்றான் பின்னையும் புஷ்ஷையும் அடையும். யாவற்றிற்கும் பின்னர்த் தகட்டு மூடியைத் திருகி முடுக்கினோம். அம்மூடியைக் கழற்றினால் மோட்டார் ஓடாதபடி மின்விசையோடு ஒரு கட்டுப்பாட்டையும் மாமா பின்னர் அமைத்தார். அதற்கு ஆன செலவு, யாம் சேலத்தில் மிச்சப்படுத்திய தொகையினும் குறைவு.

சென்ற டிசம்பரிலும் யாம் கரடியூர் சென்றோம். அவ்வம்மையார் பல்பரிலேயே வேலை செய்கின்றார். களத்திற்கு மாற்றித் தருவதாய் மாமா சொன்னபோது அவர் இசையவில்லை. பருவத்தின் முதல்நாள், மூடியைக் கழற்றி வைத்து, பிட்டர் ஐயா அளவுகோலோடு அவர் அருகிற் குந்தினார். பன்னிரண்டு கண்ணிகளை அவரே எண்ணினார், ஐயா அளந்தார், 9 அங்குலத்திற்கு மேல் ஒரு நூலளவே இருந்தது. பின்பு அவர் சிறிய சக்கரத்தின் பல்லை, ஒன்று விடாமல், இடக்கை விரலால் தடவிப் பார்த்தார். மூடியைப் பூட்டச் சொன்னார். அவர் எழுந்து கூடையருகே சென்று நின்று தலையசைத்த பின்னரே மாமா மின்விசையைப் போட்டார்.